ஓடும் வண்டி கைவிட்டால்: சர்வீஸ் சென்டரா, கம்பெனியா, நுகர்வோர் ஆணையமா?

கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் இறுகிவிட்டது என்கிறார் ஒருவர். பிரேக் மிதி கல்லாகிவிட்டது என்கிறார் இன்னொருவர். பைபாஸில் எண்பதில் போகும்போது என்ஜின் தானாக அணைந்துவிட்டது என்கிறார் மூன்றாமவர். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மூவரிடமும் சர்வீஸ் சென்டரில் சொன்ன பதில் ஒன்றுதான்: “செக் பண்ணிட்டோம் சார், ஒண்ணும் இல்ல.” அப்புறம் அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். இனி யாரிடம் போவது?

என்னிடம் கேட்கக் காரணம், எனக்கும் இது நடந்திருக்கிறது. வாங்கி பதினான்கு மாதமான கார். திண்டிவனம் தாண்டி செங்கல்பட்டை நோக்கி வந்துகொண்டிருந்தேன், பின் சீட்டில் அம்மா. ஒரு வளைவில் டேஷ்போர்டில் ஸ்டியரிங் படம் மஞ்சளாக எரிந்தது. அடுத்த நொடி ஸ்டியரிங் கைக்குத் திரும்ப மறுத்தது. இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்து ஓரம் கட்டினேன். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாக இருந்தது, விளக்கும் எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் முதல் முறை மூன்று நாள் வைத்திருந்து, “கோளாறு தென்படவில்லை” என்று ஜாப் கார்டில், அதாவது புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் சீட்டில், எழுதித் தந்தார்கள். ஐந்து வாரத்தில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை பவர் ஸ்டியரிங் மோட்டாரை வாரன்டியில் மாற்றினார்கள். பழைய பாகத்தைக் கேட்டேன். அது கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டியது, தர முடியாது என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கையெழுத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, உங்கள் வண்டிக்கு ரீகால் (குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது) ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜூலையில் மாருதி சுசுகி, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு உடையும் வாய்ப்பிருக்கிறது என்று 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2024 ஆகஸ்டில் 2,555 ஆல்டோ கே10 வண்டிகளுக்கு ஸ்டியரிங் கியர் பாக்ஸ் கோளாறு என்று சொல்லி, பாகத்தை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றது. உங்கள் நம்பர் அப்படி ஒரு பட்டியலில் இருந்தால் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். அதற்குப் பிறகும் கோளாறு வந்தால்தான் கீழே உள்ளதெல்லாம் தேவைப்படும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உங்களுக்கு வேண்டியது என்ன? வண்டி சரியாக ஓடினால் போதுமா, பணம் திரும்ப வேண்டுமா, பட்ட காயத்துக்கு இழப்பீடு வேண்டுமா, இல்லை இதே மாடலை ஓட்டும் மற்றவர்களுக்கு இது நடக்கக்கூடாது என்பதா? ஒவ்வொரு வழியும் இவற்றில் ஒன்றைத்தான் நன்றாகத் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்பவர்கள்தான் அலைந்து களைத்துப் போகிறார்கள்.

அடுத்தது காலமும் பணமும். வண்டி ஷெட்டில் நின்றாலும் டியூ நிற்காது. கம்பெனி மேல் உள்ள கோபத்தில் பேங்க் டியூவை நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும். பேங்குக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: அந்த வழியில் போனால் சான்று மிஞ்சுமா, அழியுமா? வந்து வந்து மறையும் கோளாறுக்கு இரண்டு சாட்சிகள்தான் உண்டு. ஒன்று, வண்டியின் கணினியில் பதிவாகும் எரர் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு. இன்னொன்று, கெட்டுப்போன பாகம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி ஒரு பட்டனை அழுத்தினால் முதல் சாட்சி போய்விடும். பாகத்தை மாற்றிப் பழையதை அனுப்பிவிட்டால் இரண்டாவதும் போய்விடும். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஸ்டியரிங், ஏபிஎஸ் (பிரேக்) கோடுகளைப் படிக்க அந்தந்தக் கம்பெனியின் கருவியோ, பல கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் கராஜில் உள்ள பெரிய ஸ்கேனரோ வேண்டும்.

| வழி | பெரும்பாலும் கிடைப்பது | காலம் | நேரடிச் செலவு | சான்று |
|---|---|---|---|---|
| சர்வீஸ் சென்டர் | பாகம் மாற்றம் | நாட்கள், வாரங்கள் | வாரன்டி இருந்தால் இல்லை | அழிய வாய்ப்பு அதிகம் |
| கம்பெனிக்கு எழுதுவது | மேலதிகாரி பார்வை, வாரன்டி நீட்டிப்பு | வாரங்கள் | தபால், வக்கீல் கட்டணம் | வளரும் |
| 1915 (நுகர்வோர் உதவி எண்) | கம்பெனியிடமிருந்து ஒரு பதில் | வாரங்கள் | இல்லை | ஓரளவு வளரும் |
| நுகர்வோர் ஆணையம் | பணம், மாற்று வண்டி, இழப்பீடு | வருடங்கள் | கட்டணம் குறைவு, நிபுணர் செலவு உண்டு | நீங்கள் காப்பாற்றியதுதான் |
| ரீகால் புகார் | எல்லாருக்குமான தீர்வு | சொல்ல முடியாது | இல்லை | அரசிடம் பதிவாகும் |
| விற்றுவிடுவது | நிம்மதி | உடனே | விலையில் இழப்பு | கையை விட்டுப் போகும் |

## சர்வீஸ் சென்டரோடு முடித்துக்கொள்வது

கோளாறு ஒரே முறை வந்தது, யாருக்கும் அடிபடவில்லை, வாரன்டி இருக்கிறது, எரர் கோடும் கிடைத்துவிட்டது என்றால் இதுவே நல்ல வழி. வேகமாக முடியும், வண்டியும் உடனே பாதுகாப்பான நிலைக்கு வரும்.

இதில் மறைந்திருக்கும் விலை காகிதத்தில் இருக்கிறது. வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் “ஸ்டியரிங் செக்” என்று இரண்டே சொல்லில் எழுதுவார். அதை ஏற்காதீர்கள். “இந்தத் தேதியில், இந்த வேகத்தில், ஓடும்போது ஸ்டியரிங் இறுகியது, மஞ்சள் விளக்கு எரிந்தது” என்று நீங்கள் சொன்னபடி எழுத வைத்து, உங்கள் பிரதியை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எரர் கோடை அழிப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரின்ட் கேளுங்கள். பழைய பாகத்தைத் தர மறுத்தால், அதன் பாக எண்ணும் வரிசை எண்ணும் தெரிய ஒரு போட்டோவாவது எடுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது “முழுத் திருப்தி” என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதன் பக்கத்திலேயே “கோளாறின் காரணம் சொல்லப்படவில்லை, மீண்டும் வந்தால் புகார் தொடரும்” என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

இரண்டாம் முறையும் அதே கோளாறு வந்து, மறுபடி “ஒன்றுமில்லை” என்றால், அங்கேயே நிற்காதீர்கள். ஒன்றுமில்லை என்று சொன்ன வண்டியில்தான் உங்கள் வீட்டார் ஏறப்போகிறார்கள்.

## கம்பெனிக்கு நேரடியாக எழுதுவது

டீலர் வேறு, கம்பெனி வேறு. வழக்கு என்று வந்தால் இருவரும் அதையே தங்களுக்குக் கேடயமாகப் பிடிப்பார்கள். “தயாரிப்புக் குறை, எங்களுக்குப் பொறுப்பில்லை” என்பார் டீலர். “டீலர் தனி நிறுவனம், சர்வீஸ் குறைக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்பது கம்பெனியின் பதில். அதனால் கடிதம் இருவருக்கும் சேர்ந்தே போக வேண்டும்.

கஸ்டமர் கேர் எண்ணில் பேசுவது கோபம் தணியத்தான் உதவும். ஈமெயில் அனுப்புங்கள், கூடவே பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், கோளாறு வந்த தேதிகள், ஜாப் கார்டு எண்கள், உங்கள் கோரிக்கை, பதிலுக்கு 15 நாள் கெடு. “என் உயிருக்கு யார் பொறுப்பு” என்ற வரி எல்லாருக்கும் எழுதத் தோன்றும். அந்த இடத்தில் “காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்” என்று கேளுங்கள். காரணத்தை எழுதித் தந்தால் அது உங்களுக்குச் சான்று. தராமல் விட்டால், கேட்டும் தரவில்லை என்பது பின்னால் உதவும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? வாரன்டி முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கும், வாரன்டி முடிந்த சில மாதத்தில் கோளாறு வந்தவர்களுக்கும். பாக விலையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ நல்லெண்ண அடிப்படையில் ஏற்கும் அதிகாரம் டீலரைவிடக் கம்பெனியின் வட்டார அதிகாரிக்கே பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சமரசத் தொகையோடு ஒரு ஒப்பந்தத் தாளும் வரலாம். இனி எந்த உரிமையும் கோரமாட்டேன், இதைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்ற வரிகள் அதில் இருந்தால், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

## 1915

தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தருவார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பில் தகராறு, தாமதம் போன்றவற்றுக்கு நன்றாக உதவும். ஸ்டியரிங் ஏன் இறுகியது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது. இலவசம் என்பதாலும், புகார் எண் ஒன்று கிடைக்கும் என்பதாலும் போட்டு வைக்கலாம். இதில் பதிலுக்காகக் காத்திருந்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

## நுகர்வோர் ஆணையம்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, நம்மைப் போன்றவர்களுக்குச் சில நல்ல காரியங்கள் நடந்தன. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி குருகிராமில் இருந்தாலும் நீங்கள் தேனியில் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் எதிரே கம்பெனியின் வக்கீல் நிற்பார் என்பதால், இந்த வகை வழக்கில் ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

சட்டப்படி மூன்று மாதத்தில் முடிய வேண்டும், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில். நடைமுறையில் வருடங்கள் ஆகும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2017 நவம்பரில் நடந்த விபத்தில் ஹூண்டாய் கிரெட்டா ஒன்றின் ஏர்பேக் விரியவில்லை. உரிமையாளர் டில்லி மாநில ஆணையத்தில் வென்றார், தேசிய ஆணையத்திலும் வென்றார். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2022 ஏப்ரலில். மூன்று லட்ச ரூபாய் இழப்பீடும், மாற்று வண்டியும். நடுவில் போனது நாலரை வருடம்.

அந்தத் தீர்ப்பில் நமக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. நிகழ்ந்ததே குறையைக் காட்டும்போது, நிபுணர் சான்று இல்லை என்பதற்காக நுகர்வோரைத் தள்ளிவிட முடியாது என்ற கருத்தை நீதிமன்றம் ஏற்றது. ஏர்பேக் விரியவில்லை என்பது யாருக்கும் கண்ணில் தெரியும். ஆனால் விட்டு விட்டு இறுகும் ஸ்டியரிங்குக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது, டிரைவரின் தவறு என்பார்கள். அங்கே நிபுணர் அறிக்கை இல்லாமல் நிற்பது கடினம். ஆணையத்திடம் மனுப் போட்டு வண்டியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். இருநூறு ரூபாய்க் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கும் நிஜமான செலவு இதுதான்.

பழைய பாகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இக்னிஷன் சுவிட்சின் பிடிமானம் பலவீனமாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி நழுவி, ஓடும்போதே என்ஜின் அணையும். ஸ்டியரிங், பிரேக் உதவி போகும், ஏர்பேக்கும் விரியாது. 2010இல் ஜார்ஜியாவில் இறந்த ஒரு இளம்பெண்ணின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் அமர்த்திய நிபுணர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த பாகத்தின் நீளம் வேறாக இருந்தது. 2006இலேயே பாகத்தை மாற்றிவிட்டு, பாக எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்குக் கம்பெனியின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. ஒரு குடும்பம் பாகத்தை விட்டுக்கொடுக்காததால் வெளியே வந்த உண்மை அது.

கோரிக்கையை எழுதும்போதும் கவனம் வேண்டும். “புது வண்டி கொடு” என்று மட்டும் கேட்காதீர்கள். மாற்றக்கூடிய பாகத்தில் குறை என்றால் பாகத்தை மாற்றித் தருவதே வாரன்டியின் கடமை, முழு வண்டியை அல்ல என்று 2006இல் மாருதி உத்யோக் – சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பணம் திரும்ப, இல்லையேல் மாற்று வண்டி, அதுவும் இல்லையேல் பாகம் மாற்றி நீட்டித்த வாரன்டியும் இழப்பீடும் என்று படிப்படியாகக் கேளுங்கள். இன்னொரு நுணுக்கம்: சட்டத்தின் ஆறாவது அத்தியாயத்தில் உள்ள பொருள் பொறுப்பு என்பது உடலுக்கோ வேறு சொத்துக்கோ வந்த கேட்டுக்குத்தான். வண்டியே கெட்டது என்பதைக் குறைபாடுள்ள பொருள் என்ற தலைப்பில் கேட்க வேண்டும். அடிபட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொன்னாலும், சொந்தப் பிழைப்புக்காக சுயதொழிலாக ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டும் அண்ணன்கள் தயங்காமல் போகலாம்.

அடிபட்டவர்கள், இரண்டு மூன்று முறை கோளாறு வந்து காகிதமும் கையில் இருப்பவர்கள், வண்டியைச் சில காலம் ஓட்டாமல் நிறுத்தி வைக்க முடிந்தவர்கள்: இவர்களுக்கு ஆணையம்தான் சரியான இடம்.

## ரீகால் புகார்

இதனால் உங்களுக்கு மட்டும் தனியாகப் பெரிய பலன் இல்லை. அதனாலேயே பலர் இதைத் தொடுவதில்லை. அது எனக்கு வருத்தம் தருகிறது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். முழு விலையைத் திருப்பித் தரவோ மாற்று வண்டி தரவோ தயாரிப்பாளர் கட்டாயப்படுத்தப்படலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. புகாரை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் போட வேண்டும்.

இங்கே எண்ணிக்கைதான் பேசும். அந்த மாடல் வருடத்துக்கு எத்தனை விற்கிறதோ, அதற்கேற்ற அளவு புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை தானாகத் தொடங்கும். நூறு பேர் நூறு சர்வீஸ் சென்டரில் “ஒன்றுமில்லை” என்ற பதிலோடு திரும்பினால் அது நூறு தனிக் கதை. ஒரே இடத்தில் பதிவானால் அது ஒரு குறை. பத்து நிமிட வேலை. ஆணையத்துக்குப் போனாலும், கம்பெனியோடு சமரசம் பேசினாலும், இதைக் கூடவே செய்யுங்கள்.

## விபத்தே ஆகிவிட்டால்

அப்போது தேர்வுகள் சுருங்கிவிடும், நேரமும் குறையும். காயம் பட்டிருந்தால் போலீஸ் புகாரில் “கட்டுப்பாட்டை இழந்து” என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஸ்டியரிங் இறுகியதால், பிரேக் பிடிக்காததால் என்று நீங்கள் சொன்னது அப்படியே இருக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். விட்டு விட்டு வரும் மின்னணுக் கோளாறு அந்தச் சோதனையில் தெரியாமலே போகலாம்.

இன்சூரன்ஸ்தான் இதில் பலர் அறியாத இடம். வண்டி மொத்தமாகப் போய்விட்டது என்று இன்சூரன்ஸ் பணம் தரும்போது, வண்டியின் மிச்சம் ஏலத்துக்குப் போகும். உங்கள் சான்றும் அதோடு போகும். கம்பெனி மேல் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்த நாளிலேயே அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி, பரிசோதனை முடியும்வரை வண்டியை அப்படியே வைக்கக் கேளுங்கள். தேவைப்பட்டால் ஆணையத்தில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். பேட்டரியைக் கழற்றவோ யாரும் ஸ்கேனர் மாட்டவோ விடாதீர்கள்.

## விற்றுவிடுவது

பயந்துபோன குடும்பம் இதைத்தான் முதலில் சொல்லும். என் அம்மாவும் சொன்னார். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்த வண்டி என்றால் விற்பதில் தவறில்லை. விலையில் நஷ்டம் வரும், ஆனால் தூக்கம் வரும். வழக்கு நடக்கும்போது மட்டும் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் விற்காதீர்கள். பரிசோதிக்கப் பொருளே இல்லை, மனுதாரர் இனி நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

காரணம் தெரியாத வண்டியை, ஒன்றும் சொல்லாமல் ஓஎல்எக்ஸில் போட்டு விற்பதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வாங்குபவர் பெரும்பாலும் முதல் கார் வாங்கும் ஒரு குடும்பத்தலைவர். என் காரை இரண்டு வருடம் கழித்து விற்றபோது, ஆர்.சி.யோடு எல்லா ஜாப் கார்டுகளின் நகலையும் வாங்கியவரிடம் கொடுத்தேன், மாற்றிய ஸ்டியரிங் மோட்டாரின் பில்லையும் மேலே வைத்து. அவர் ஒரு வாரம் யோசித்தார். நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். அந்த மஞ்சள் விளக்கு எப்படி இருக்கும் என்று காரில் உட்கார வைத்துக் காட்டி, அது எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்: வேகத்தைக் குறை, இரண்டு கையாலும் பிடி, ஓரம் கட்டும்வரை சாவியைத் தொடாதே.